பென்குவின்களுக்குப் பின்னணிக் குரல்

என்னங்க,

இன்று நீலாயில் மகள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரு புலி மானைத் துரத்திக்கொண்டிருந்தது. போன் வந்ததும் மகள் சத்தத்தை நிறுத்திவிட்டாள். யார் பக்கம் நிற்பதென்றே எனக்குத் தெரியவில்லை. உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

ரெம்பாவ் தோட்டத்து வீட்டில் விலங்குப் படம் போட்டாலே ரிமோட் உங்கள் கைக்குப் போய்விடும். "வெள்ளைக்காரன் பேசுறது நமக்கு எங்க புரியுது? நான் சொல்றேன், கேளு லா" என்று சத்தத்தை நிறுத்துவீர்கள். ஒருநாள் பென்குவின்கள் பனியில் கூட்டமாக நின்றன. "விடியறதுக்குள்ள பெரட்டுக்கு வந்துட்டாங்க, மண்டோரத்தான் காணோம்" என்றீர்கள். தோட்டத்தில் தினமும் காலையில் பெரட்டு நிறுத்தி ஆள் கணக்கெடுத்த மண்டோர் நீங்கள், வேறென்ன சொல்வீர்கள்! நானும் நம்பி, வராத மண்டோரைத் திட்டித் தீர்த்தேன்.

அன்று மகள்தான் சத்தத்தைக் கூட்டி விளக்கினாள். குளிருக்கு ஒட்டி நிற்கின்றனவாம், காலின்மேல் முட்டை வைத்திருக்கின்றனவாம். அதே படம்தான். திட்டிய எனக்கு அழுகை வந்தது.

அதெப்படி? 'தாய் மான்' என்று படத்தில் பேசும் குரல் சொன்னால் மானுக்காகப் பதறுகிறேன். 'குட்டிகள் பசியோடு காத்திருக்கின்றன' என்றால் புலி பக்கம் சாய்ந்துவிடுகிறேன். "மானோட கவலை அந்தாளுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒருமுறை உங்களிடம் கேட்டேன். "மான் வந்து இல்லன்னு சொல்லவா போவுது?" என்று சிரித்தீர்கள்.

பிறகு பக்கவாதம் வந்து உங்கள் பேச்சு போனது. பார்க்க வந்தவர்களுக்கு நான்தான் உங்கள் குரல். நீங்கள் கண்ணை மூடினால், "களைப்பா இருக்காரு" என்பேன். விரலை அசைத்தால், "பசியாறிட்டுப் போகச் சொல்றாரு." எல்லோரும் நம்பினார்கள். நீங்களும் மறுக்கவில்லை. மறுக்க முடியவில்லையோ என்னவோ. நான் சொன்னதெல்லாம் சரிதானா என்ற கேள்வி இன்றும் மண்டையைக் குடைகிறது.

மகள் போனை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நீங்கள் போன அன்று அவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இத்தனை நாள் மனதில் வைத்திருந்ததை இன்றுதான் கேட்டாள்.

"அம்மா, அப்பா கடைசியா என்னைத் தேடினாரா?"

ஆமாம் என்றால் பிள்ளைக்கு நிம்மதி. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் உங்களைக் கேட்காமல் எப்படிச் சொல்வேன்?

"வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாரும்மா. என் கையை விடல. நான் பாத்தது அவ்வளவுதான்."

"வாசலையா பாத்தாரு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டு அழுதாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். மீதியை அவளே சொல்லிக்கொண்டாள்.

கையை எதற்காக அப்படி இறுக்கிப் பிடித்தீர்கள் என்று நான் இன்னும் உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.