ரேகன்ஸ்பூர்க் வரை நான்தான் ஓட்டினேன்

நான் பயந்து நடுங்கிய நாளிலும் என்னைத் திட்டாத என் அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. எனக்கு இப்போது ஏழு மாதம். அடுத்த செய்திக்குச் சிரிக்கக்கூடாது. ஹனோவரிலிருந்து ரேகன்ஸ்பூர்க் வரை உங்கள் காரை நான்தான் ஓட்டினேன். போகவும் வரவும்.

பிள்ளை வருவதற்கு முன் இரண்டு நாள் எங்காவது தனியாகப் போய்வர வேண்டும் என்பது என் கணவர் சுதனின் ஆசை. யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனிக்கு வந்த நாள் முதல் அவருக்கு வேலை, மொழி வகுப்பு, மறுபடியும் வேலை. தெற்கே, ஆற்றங்கரையில் இருக்கும் அந்தப் பழைய நகரத்தைப் படத்தில் பார்த்து அவரே தேர்ந்தெடுத்தார். வெள்ளிக்கிழமை காலை பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போனால், ரயில் ரத்து. அவரிடம் இன்னும் லைசென்ஸ் இல்லை.

"பரவாயில்லை, வீட்டை போவம்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"காரில போவம்" என்றேன்.

"உமக்கு விசரே? நீர் ஆட்டோபானுக்கே போறேல்லை."

"இண்டைக்குப் போறன்."

காசல் மலையிறக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். லைசென்ஸ் எடுத்த புதிதில், இரண்டு லொறிகளுக்கு நடுவே அங்கே உறைந்துபோனேன். நீங்கள்தான் பேசிப் பேசி என்னை ஓரத்துக்குக் கொண்டுவந்தீர்கள். இனி ஆட்டோபான் என்ற இந்த அதிவேகச் சாலைப் பக்கமே வரமாட்டேன் என்று அழுதேன். அந்த வருடமே நோய் உங்களைக் கொண்டுபோனது. கார் என்னிடம் வந்தது. வேலைக்கும் கடைக்கும் மட்டும் எடுத்தேன். நீங்கள் இருந்திருந்தால் என்னை இப்படி விட்டிருப்பீர்களா?

அதே இறக்கம் வந்தது. மழை வேறு. முன்னால் லொறிகள். வேகத்தைக் குறைத்தேன்.

"ஏலாட்டி சொல்லும், அடுத்த வழியால இறங்குவம்" என்றார் சுதன்.

"கதைக்காதேங்கோ!"

கண்ணாடியைப் பார்த்தேன். தோளுக்கு மேலாகப் பார்த்தேன். இடப்பக்கம் மாறி ஆக்சிலேட்டரை அழுத்தினேன். ஒரு லொறி பின்னால் போனது. இன்னொன்று. மூன்றாவதும் போனது. அக்கா, நான் கத்தினேன்! சுதனும் கத்தினார். வயிற்றில் இருப்பவருக்கும் கேட்டிருக்கும்.

மாலையில் ரேகன்ஸ்பூர்க்கின் பழைய கல்பாலத்தில் நின்றோம். கீழே ஆறு சுழித்து ஓடியது. எதிரே தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள். சுதன் அவற்றைப் பார்க்கவேயில்லை. யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்து மாமியிடம், "அம்மா, முழுத்தூரமும் இவதான் கார் ஓடிக்கொண்டு வந்தவ!" என்றார்.

"என்னடா, வயித்தோடயோ?"

"ஓம் அம்மா, வயித்தோடதான்!"

பாலத்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமே வரவில்லை.

டுசல்டோர்ஃபில் இருக்கும் நம் அம்மாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. ரயில் மாறி ஏறி உங்கள் கல்லறைக்கு வர அவவால் முடிவதில்லை. ஒரு வருடமாக வரவில்லை. கூட்டிக்கொண்டு போ என்று என்னிடம் கேட்கவும் மாட்டா. பிள்ளை பிறந்து நான் தேறியதும், அம்மாவை நானே போய் ஏற்றிக்கொண்டு உங்களிடம் வருவேன். அவ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உங்களோடு இருக்கட்டும். நான் காத்திருப்பேன்.

விரைவில் உங்களைப் பெரியம்மா ஆக்கப்போகும்
உங்கள் தங்கச்சி, வாணி