பெட்டியின் குறுகிய பக்கம்

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. கொடியில் போட்ட துணி பக்கத்து வீட்டு மாடியில். போய்க் கேட்டு வாங்கிவந்தேன்.

மாலை கிராஃபிக் டிசைன் வகுப்பு. செல்போன் கடைக்கு மேல்மாடி. இன்றும் கம்ப்யூட்டரைத் தொடவிடவில்லை. ஒரு வெள்ளைத் தாள், கறுப்பில் வெட்டிய ஒரு வட்டம். எங்கே வைத்தால் விழப்போகிற மாதிரி, எங்கே வைத்தால் உட்கார்ந்திருக்கிற மாதிரி. புள்ளியியலில் எம்.எஸ்ஸி. முடித்தவள் வட்டத்தை நகர்த்திக்கொண்டிருந்தேன். நேரம் போனது தெரியவில்லை. அதையும் எழுதிவைக்கத்தான் வேண்டும்.

சொல்லித்தரும் ஜெனிஃபர் திருநெல்வேலிப் பெண். என் மகள் வயது. "எல்லாத்தையும் சத்தமா சொன்னா ஒண்ணுமே கேக்காதுல்லாக்கா. மொதல்ல எது கண்ணுல படணும்னு முடிவு பண்ணுங்க." சரியென்றுதான் படுகிறது. நிரூபணம் இல்லை.

வாங்க: பசை, காபித்தூள், இவருக்கு பி.பி. மாத்திரை.

ஜூன் 12, வியாழன்

தூறல். நனையுமளவு இல்லை.

இவர் தையல் யூனிட்டுக்கு ஜாப் ஒர்க் குறைந்துகொண்டே வருகிறது. அடுத்தவர் பெயருக்குத் தைத்துக் கொடுத்தது போதுமென்று சொந்தப் பெயரில் குழந்தைகள் பனியன். பெயர் 'ஊஞ்சல்'. கடைவீதியில் பனியன் கடை வைத்திருக்கும் பாய் முதல் சரக்கை வைத்துப்பார்க்கச் சம்மதித்திருக்கிறார். அது நகராவிட்டால் யூனிட்டைப் பூட்டிவிட்டு எங்காவது சூப்பர்வைசர் வேலைக்குப் போகிறேன் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். பாதிச் சோறு தட்டிலேயே.

பெட்டிக்கு அச்சகத்து மாதிரி வந்திருந்தது. நீலக்கண் குழந்தை, பலூன், பொன்னிற வளையம், விதவிதமான எழுத்து. ஒரே கூச்சல். நான் செய்கிறேன் என்றேன். வாய் முந்திக்கொண்டது.

"நீயா? பொழுது போகலைன்னு தான அங்க போறே?"

"திங்கக்கெழமை வரைக்கும் டைம் குடுங்க."

"பாக்கலாம்."

பொழுது போகவில்லை என்று நான் எப்போது சொன்னேன்?

ஜூன் 14, சனி

முடித்தேன். வெள்ளை மூடி. நடுவுக்குச் சற்றுக் கீழே பெயர், ஓரத்தில் ஒற்றைச் சிவப்புக் கோடு. மீதி வெறும் இடம். ஜெனிஃபர், "சூப்பர்க்கா!" எல்லாரிடமும் சூப்பர் சொல்கிறாள். தகவல் மதிப்பு பூஜ்யம்.

இவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாதிப் பொட்டி சும்மா கெடக்குதே. மை தீந்துபோச்சுங்களான்னு கேப்பாங்க."

சிரித்தேன். உள்ளே எரிச்சல். வெறும் இடம் ஏன் என்று விளக்க முடிந்தது. யாருக்காக என்று கேட்டிருந்தால் திணறியிருப்பேன். நல்லவேளை, கேட்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

பாய் கடைக்குத் தனியாகப் போனேன். மற்றவர்கள் பெட்டி எப்படி இருக்கிறதென்று பார்க்க. இவரிடம் சொல்லவில்லை.

கூரை வரை பெட்டிகள். மூடி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதில் வெளியே தெரிவது குறுகிய பக்கம் மட்டும். நீலக்கண் குழந்தைகள் எல்லாம் இருட்டில் படுத்துக்கிடக்கின்றன. அந்தக் குறுகிய பக்கத்திலும் பாய் தன் கையாலேயே மார்க்கரில் கொட்டைகொட்டையாக 45, 50, 55 என்று எழுதிவைத்திருக்கிறார்.

"ஏனுங்க பாய், அச்சுலயே சைஸ் இருக்குதுங்களே?"

"இருக்குதும்மா, கடுகாட்ட. ஏணி போட்டு ஏறித்தான் படிக்கோணும். நான் எறங்கறதுக்குள்ள வந்தவங்க பக்கத்துக் கடைல பில்லே போட்டுருவாங்க."

வாங்குகிறவர்கள் கொண்டுபோவது ஒன்றோ இரண்டோ பனியன், பையில். பத்து அடங்கிய பெட்டி கடையை விட்டு நகர்வதே இல்லை. நானோ யார் வீட்டு மேசையிலோ அழகாக இருக்க ஒரு பெட்டி செய்திருக்கிறேன்.

பஸ்ஸில் வரும்போது வெட்கம். அதைவிட அதிகமாக, வெகுநாள் வராத ஒரு பரபரப்பு. டிக்கெட்டின் பின்புறம் எழுதினேன்:

முதலில் பட வேண்டியது – சைஸ்.
எங்கே – குறுகிய பக்கம்.
எவ்வளவு தூரத்திலிருந்து – கவுண்டருக்கு இந்தப் பக்கம்.

ஜூன் 16, திங்கள்

காலை முழுக்க இதே. சமையல் தயிர்சாதத்தோடு சரி.

மூடியை அப்படியே விட்டேன். குறுகிய பக்கம் இரண்டிலும் எண், கிட்டத்தட்ட விளிம்பு வரை. சைஸுக்கு ஒரு நிறம். கீழே சின்னதாகப் பெயர். சின்ன அளவில் 'ஞ்' அடைத்துக்கொண்டு வெறும் புள்ளியாகிவிட்டது. எழுத்தை மெலிதாக்கி இடைவெளி விட்டதும் மூச்சு வந்தது.

அட்டையில் ஒட்டி பீரோ மேல் அடுக்கினேன். இவரை வாசல்படியில் நிற்கவைத்து, அம்பது எங்கே என்று கேட்டேன். கண்ணாடி இல்லாமலே காட்டினார். நாற்பத்தைந்தையும். பீரோ கிட்டே வந்து உற்றுப்பார்த்தார்.

"பேரு இத்தினி சின்னதா? இத்தன நாளு ஊரான் பேருக்குத் தெச்சாச்சு. இதுலயாச்சும் என்ர பேரு தெரிய வேண்டாமா?"

நியாயம்தான்.

"மொதல்ல கடைக்காரரு கைக்கு வரோணுமுங்க. கைக்கு வந்தாத்தான் பேரப் படிப்பாங்க."

ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் அச்சகத்துக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பியாயிற்று.

ஜூன் 29, ஞாயிறு

வெயில். காற்று அடங்கியிருக்கிறது.

இருவரும் பாய் கடைக்கு. நேற்றுத்தான் சரக்கு இறங்கியது. எங்கள் பெட்டிகள் மேல் அடுக்கில், மூலையில். இவர் முகம் விழுந்துவிட்டது. பாய் டீ சொன்னார். குடித்தோம். வந்த சிலர் வேறு எதையோ வாங்கிப் போனார்கள். கிளம்பலாமா என்று இவர் எழுந்தேவிட்டார்.

இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண். தெற்கத்திப் பேச்சு. பாய் என்ன சைஸ் என்று கேட்பதற்குள் விரலை நீட்டினாள். "அந்தா மேல, பச்சையில அம்பது போட்டிருக்குல்லா, அத எடுங்கண்ணே."

பாய் ஏணி போட்டார், ஒரே தடவை. அவள் பனியனை இழுத்துப் பார்த்தாள், பிள்ளையின் முதுகில் வைத்துப் பார்த்தாள்.

"சாயம் போவுமாண்ணே?"

"வெள்ளைப் பனியன்லயாம்மா?"

அவளுக்கே சிரிப்பு. இரண்டு எடுத்துக்கொண்டாள். பெட்டியை அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவர் மறுபடி உட்கார்ந்தார்.

மீதியை மடித்துப் பெட்டிக்குள் வைத்த பாய் ஏணிப் பக்கம் போகவில்லை. கவுண்டருக்குப் பின்னால், கை எட்டும் அடுக்கில், வேறொரு பெட்டியைத் தள்ளிவிட்டு எங்களுடையதை வைத்தார்.