மியூசியத்துக்குப் போன கதவு

தாராவி,
ஜூலை 9

அன்பான அத்தானுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் பிள்ளை ஜெனியும் சுகம். தோகா வெயிலில் நீங்களும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். தினமும் ஃபோனில் பேசுகிறவள் எதற்குக் காகிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். நம் வீட்டில் ரகசியம் பேச எங்கே போவது? நான் வாயைத் திறந்தால் ஜெனிக்கும் கேட்கும், மேல்மாடி அல்தாப் வீட்டுக்கும் கேட்கும். ஜெனி தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அந்தத் தைரியத்தில் எழுதி, லீவு முடிந்து அங்கே வருகிற சேசுராஜ் அண்ணன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அத்தான், நம் பழைய கதவை நான் கொடுத்துவிட்டேன். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் மாதம் ஸ்ரீதேவி என்று ஒரு ஆர்க்கிடெக்ட் பெண் வந்தாள். மாட்டுங்காவில் வீடு, தமிழ்தான். மும்பையில் ஜனங்கள் குடியிருக்கிற விதத்தைக் காட்ட ஒரு மியூசியம் கட்டுகிறார்களாம். நம் சந்து முழுவதையும் மூன்று நாள் டேப் வைத்து அளந்தாள். நம் வாசலில் மட்டும் இரண்டு தடவை தலையை முட்டிக்கொண்டாள். கடைசி நாள் டீ குடிக்கும்போது, இந்தக் கதவு வேண்டும், பதிலுக்குப் புதுக் கதவு போட்டுத் தருகிறோம் என்றாள். மழைக்கு ஊதிப்போன கதவுதானே, ஜெனி தினமும் தோளால் முட்டித்தானே திறக்கிறாள் என்று சரி சொல்லிவிட்டேன். ஒரே நாளில் மாட்டிவிட்டார்கள். புதுக் கதவு ஆஸ்பத்திரிக் கதவு மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கிறது.

போன வருஷம் சர்வேக்காரர்கள் சிவப்புப் பெயிண்டில் நம்பர் எழுதினார்களே, அது அந்தக் கதவில்தான் இருந்தது. எனக்கு அப்போது அது ஞாபகத்துக்கே வரவில்லை. என் புத்தியை என்ன சொல்ல.

இப்போது சந்து முனையில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். இருபத்து நாலாம் தேதி வீடு வீடாக வந்து நம்பரைச் சரிபார்ப்பார்களாம். அதை வைத்துத்தான் இங்கே எல்லாவற்றையும் இடித்துக் கட்டும்போது யாருக்குப் புது வீடு, யாருக்கு இல்லை என்று முடிவாகுமாம். செல்வமேரி அக்கா நம் வாசலைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நானே எழுதிவிடலாம் என்று ஒரு நாள் சிவப்புப் பெயிண்டும் பிரஷும் வாங்கி வந்தேன். பொய் நம்பர் என்று பிடித்தால் வீடே அடியோடு போகுமே என்று தோன்றியது. டப்பாவைத் திறக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

திங்கட்கிழமை மியூசியத்துக்கே போனேன். இன்னும் திறக்கவில்லை, ஸ்ரீதேவிதான் உள்ளே கூட்டிப்போனாள். முதலில் ஒரு நடைபாதை. நம் சந்தின் அகலம்தான், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சாயவேண்டும். கூரையைத் தலை தட்டுகிற மாதிரி இறக்கியிருக்கிறாள். கீழே சொரசொரப்பான கல், மேலே ஒரே ஒரு துளை வழியாக வெளிச்சம். சுவரில் சிமெண்டு பூசாமல் தகரத்தையே வைத்திருக்கிறாள். நடக்கிற சத்தம் நமக்கே திரும்பி வருகிறது. வருகிறவர்கள் தானாகவே குனியவேண்டும், மெதுவாக நடக்கவேண்டும், பேச்சைக் குறைக்கவேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும் என்று விளக்கினாள். பதினெட்டு வருஷமாக நான் குனிந்துதானே போகிறேன், எனக்கு யாரும் வெளிச்சம் போட்டுக் காட்டவில்லையே என்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நடை முடிந்ததும் சர்ச் மாதிரி உயரமான ஹால். நடுவே நம் கதவு மட்டும் தனியாக நிற்கிறது. மேலிருந்து வெளிச்சம் அதன்மேல் விழுகிறது. நீங்கள் அடித்த தகரத்தில் ஒவ்வொரு ஆணியும் தெரிகிறது. சிவப்பு நம்பர் நேற்று எழுதினது போலப் பளிச்சென்று இருக்கிறது. ஜெனி வளர வளர நீங்கள் உள்பக்கம் ஆணியால் கீறின கோடுகள் சுவரைப் பார்த்து இருக்கின்றன. பழக்கத்தில் தாழ்ப்பாளில் கை வைத்தேன், வாட்ச்மேன் ஓடி வந்து தொடக்கூடாது என்றான். சொந்த வீட்டுக் கதவை என்னால் தொட முடியவில்லை அத்தான்.

கீழே பித்தளைத் தகட்டில் மூன்று பாஷையில் எழுதியிருக்கிறார்கள். தமிழில், ‘இந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு குடும்பம் வாழ்ந்தது’ என்று இருக்கிறது. அன்று காலையில்தான் அந்த வீட்டில் ஜெனிக்கு டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வாழ்கிறது என்று மாற்றச் சொல்லிக் கேட்டேன். ஸ்ரீதேவிக்குக் கண் கலங்கிவிட்டது. “பித்தளையில வெட்டியாச்சு, ஜெபசெல்வி. இனிமே மாத்த முடியாது” என்றாள். கதவும் மியூசியம் ரிஜிஸ்டரில் ஏறிவிட்டதால் திருப்பித் தர முடியாதாம். நம்பரோடு ஃபோட்டோ எடுத்து, இது இன்னார் வீட்டுக் கதவு என்று லெட்டர் மட்டும் கொடுத்தாள்.

அந்த லெட்டரோடு சர்வே ஆபீசில் இரண்டு மணி நேரம் நின்றேன். அங்கிருந்த ஆபீசர் வாசித்துவிட்டு, வீடு உங்கள் பெயரில் இருக்கிறது, ஞானதுரை எங்கே என்று கேட்டார். வெளிநாட்டில் என்றேன். ஒரிஜினல் காகிதங்களோடு அவரே அன்றைக்கு வீட்டில் நின்று கையெழுத்துப் போட்டால் பார்க்கலாம் என்று இந்தியில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் கையில் இருந்த லிஸ்டில் நம் நம்பருக்கு நேராகப் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். நான் பார்த்தேன்.

லீவு கேட்டால் முதலாளி முகம் மாறும் என்று தெரியும். பார்க்கலாம், பார்க்கலாம் என்று மூன்று வருஷமாகச் சொல்கிறீர்கள், நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஒரு தடவை பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. இருபத்து நாலாம் தேதி அந்த வெள்ளைக் கதவுக்கு முன்னால் நான் தனியாக நிற்கக்கூடாது. ஜெனியிடம் ஒன்றும் சொல்லவில்லை. புதுக் கதவு சத்தமே போடவில்லை, சூப்பர் என்று சந்தோஷமாக இருக்கிறாள்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வரத்தைச் சீக்கிரம் காப்பாராக.

இன்றைக்கும் இதே வீட்டில் வாழ்கிற,
ஜெபசெல்வி