ஒன்பதாவது உருண்டை

இலத்தூர்,
ஆடி 9

அன்புள்ள அபர்ணாவுக்கு,

முதலில் என்னை மன்னித்துக்கொள். விண்நிலையத்துக்கு வீட்டிலிருந்து மாதம் ஒரு கடிதம்தான் அனுப்ப விடுகிறார்கள், அது எப்போதும் உன் அப்பாவின் கடிதம், இந்த மாதம் அதை நான் எடுத்துக்கொண்டேன். குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது, அவருக்கு மெயின் அருவியில் பந்தோபஸ்து, வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாளாகிறது. "எனக்கு இங்கன நிக்கவே நேரமில்லட்டி, நீயே எழுதிப் படம் எடுத்து அனுப்பிரு" என்று போனில் சொல்லிவிட்டார். உன் அப்பாவோடு கல்யாணமான இந்த ஆறு வருடத்தில் நான் உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அப்பாவும் நானும் நலம். நீயும் உன்னோடு இருக்கும் மூன்று பேரும் காய்ச்சல் தலைவலி இல்லாமல், செவ்வாய்க் கிரகத்துக்குக் கிளம்பும் நாள்வரை ஒழுங்காகத் தூங்கி எழுந்து இருக்கவேண்டும்.

அப்பா மழைக்கோட்டுக்குள்ளேயும் நனைகிறார், கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து போயிருக்கிறது, மருந்து வாங்கிக் கொடுத்து விட்டிருக்கிறேன். ஆனால் குரலில் சந்தோஷம் குறையவில்லை. குளிக்க வரிசையில் நிற்கிற வெளியூர்க்காரர்களிடமெல்லாம் "எம்மவளுக்கு எங்க வீட்டுலேருந்து பலகாரம் போகுது, ராக்கெட்டுல, தெரியும்லா" என்று சொல்லுகிறாராம். கூட நிற்கிற போலீஸ்காரர்கள் அந்தப் பலகாரத்தின் பெயரையே, பொரிவிளங்கா என்று, அவருக்கு வைத்துவிட்டார்கள். அவரே இதைச் சொல்லிச் சிரித்தார், எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் பலகாரம் போகவில்லை அபர்ணா. பொட்டலம் போன வியாழக்கிழமை திரும்பி வந்துவிட்டது, இப்போது அலமாரியில் என் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை, உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

ஆவணி மூன்றாம் தேதி கிளம்பும் சரக்குக் கலம்தான் கடைசி, அதற்குப் பிறகு இரண்டரை வருடம் உங்களுக்கு அந்தக் கட்டி உணவு மட்டும்தான், அதனால் ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் ஒரு பொட்டலம் அனுப்பலாம் என்று படிவம் வந்திருந்தது. இருநூறு கிராம், ஈரம் கூடாது, உதிரக் கூடாது, ஒன்று ஒரு வாய்க்குள் போகும் அளவு, எத்தனை எண்ணிக்கை என்று எழுதவேண்டும். உனக்கு என்ன பிடிக்கும் என்று அப்பாவிடம் கேட்டேன். "அவ என்னத்தையும் திம்பா" என்றார். விடாமல் கேட்டதற்குப் பிறகு, உன் அம்மா, அக்கா, உயிரோடு இருந்தபோது பொரிவிளங்கா பிடிப்பாள், நீ பள்ளிக்கூடத்துக்குப் பையில் போட்டுக்கொண்டு போவாய் என்று சொன்னார். அக்கா கைப்பக்குவம் எனக்குத் தெரியாது. அரிசியும் பாசிப்பயறும் வறுத்து, பக்கத்து வீட்டு ஹாஜரா பீவி அக்காவோடு போய்த் திரித்து வந்தேன், தேங்காய் கெட்டுவிடும் என்று அதை விட்டுவிட்டு, சுக்கும் ஏலமும் போட்டு, கருப்பட்டிப் பாகு ஆறுவதற்குள் உருட்டினேன், உள்ளங்கை இரண்டும் சிவந்துவிட்டது. முதல் ஈடு கல்லாகப் போனது. ஹாஜரா அக்கா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "ஏட்டி ஸ்ரீதேவி, இது அங்கன மிதந்து போய் முட்டுச்சுன்னா கப்பல்லயே ஓட்ட விழுந்துரும்ட்டி" என்றாள். மூன்றாவது ஈடுதான் சரியாக வந்தது. எட்டு உருண்டை, தலைக்கு இருபத்தைந்து கிராம், படிவத்தில் எட்டு என்று எழுதினேன்.

பொட்டலத்தை ஒட்டும்போதுதான் கை நின்றது. தூரம் போகிறவளுக்கு எட்டு என்று இரட்டைப்படையில் எப்படிக் கொடுப்பது? நம் வீடுகளில் வெறும் நூறு ரூபாய் யாராவது வைத்துக் கொடுப்பார்களா, ஒரு ரூபாய் சேர்த்துத்தானே கொடுப்போம். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருண்டை கொடுக்கும்போதும் வீட்டுக்குப் போகிற பிள்ளை கையில் ஒன்று கூட வைப்பது எனக்குப் பழக்கம். எட்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி ஒன்பதாவதாக ஒன்று உருட்டி வைத்தேன். எடை அதே இருநூறுதான், கணக்குப் படித்தவள் அல்லவா, இரண்டு தடவை நிறுத்துப் பார்த்தேன். எண்ணிக்கையைத் திருத்தவேண்டும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

அனுப்பிய இடத்திலிருந்து ஒரு மேடம் கூப்பிட்டார். "எட்டுன்னு எழுதியிருக்கீங்க, உள்ளே ஒன்பது இருக்கு. அந்த எக்ஸ்ட்ரா என்ன மேடம்?" என்று கேட்டார். கோபமாகக் கூட இல்லை. எழுதாத பொருள் ஒன்று உள்ளே இருந்தால் பொட்டலம் முழுவதையும் திருப்பிவிடவேண்டும் என்பது அவர்கள் விதி. ஒற்றைப்படைக்காக வைத்தது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு "சரிங்க மேடம்" என்றுதான் வந்தது. எங்கள் வீட்டில் முதலில் காலேஜுக்குப் போனவள் நான், காலேஜிலும் மூன்று வருடம் யார் என்ன கேட்டாலும் இதே பதில்தான். போனை வைத்த பிறகு அடுப்படியில் நின்று சொல்லவேண்டியதையெல்லாம் முழுதாகச் சொல்லிப் பார்த்தேன், கேட்கத்தான் ஆள் இல்லை.

நீங்கள் சாப்பிடும் கட்டியில் ஒன்றை எங்களுக்கும் மாதிரி பார்க்க அனுப்பியிருந்தார்கள். தீப்பெட்டி அளவுதான், சாம்பார் சாதம் என்று எழுதியிருந்தது. நேற்று மதியம் தரையில் உட்கார்ந்து அதைத்தான் சாப்பிட்டேன். நாலு நிமிடத்தில் முடிந்துவிட்டது. குழம்பு கூட்ட வேண்டாம், பாத்திரம் கழுவ வேண்டாம், இன்னொருத்தருக்கு எடுத்து மூடி வைக்க வேண்டாம். வயிறு நிறைந்துதான் இருந்தது, ஆனால் அதற்குப் பிறகு அந்த மதியத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. தெருவில் பழக்காரர் கத்திக்கொண்டு போன சத்தம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டரை வருடத்தில் உனக்கு எத்தனை மதியம் இப்படி வரும் என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

இந்த ஆறு வருடத்தில் நீ நம் வீட்டில் தங்கியது பதினோரு நாள். எண்ணி வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, மறக்கவில்லை, அவ்வளவுதான். வைத்ததைச் சாப்பிட்டாய், கறிவேப்பிலையைத் தட்டோரமாக வரிசையாக அடுக்கினாய், நான் எழுந்து வருவதற்குள் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாய். இன்னும் கொஞ்சம் போடு என்று ஒருநாளும் சொல்லவில்லை, உப்புக் குறைவு என்றும் சொல்லவில்லை. குறைந்திருந்தது, எனக்குத் தெரியும். எங்கள் அங்கன்வாடியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள்தான் அப்படிச் சாப்பிடும். பழகிவிட்டால் முந்தானையைப் பிடித்து இழுத்து, இது வேண்டாம் அது வேண்டும் என்று நச்சரிக்கும். உன்மேல் குறையாக இதை எழுதவில்லை. அம்மாவை இழந்த வீட்டுக்குள் இன்னொருத்தி வந்து நிற்கும்போது யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

அங்கே தாகம் தெரியாது என்று படித்தேன், நேரம் வைத்துத் தண்ணீர் குடி. எலும்புக்குக் கொடுத்த மாத்திரையை விடாதே. உடற்பயிற்சியை ஒருநாள்தானே என்று தள்ளிப் போடாதே. அப்பாவிடம் பேசும்போது கால் எப்படி இருக்கிறது என்று நீ கேள், நான் கேட்டால் சொல்லமாட்டார். பொட்டலம் திரும்பிய விஷயத்தை ஞாயிற்றுக்கிழமை அவர் வந்ததும் நானே சொல்லிவிடுகிறேன். குற்றாலநாதரும் குழல்வாய்மொழி அம்மையும் போகிற வழியெல்லாம் உனக்குத் துணை இருக்கட்டும், போன காரியம் நல்லபடியாக முடிந்து நீ முழு உடம்போடு ஊர் வந்து இறங்கவேண்டும்.

உன் நலத்தையே நினைத்திருக்கும்
சித்தி ஸ்ரீதேவி

கையெழுத்துப் போட்டுவிட்டேன், சொல்லவேண்டிய ஒன்று மட்டும் மிச்சம் நிற்கிறது. அந்த மேடம் கடைசியில் ஒன்று சொன்னார். கடைசிக் கலத்தில் உன் பெயருக்கான இருநூறு கிராம் இடம் ஆடி இருபது வரை காலியாகவே இருக்கும், ஆனால் வீட்டார் சொல்லி மறுபடி எடுத்துக்கொள்ளமாட்டார்களாம், இன்ன பொருள் வேண்டும் என்று நீயே எழுதிக் கேட்கவேண்டுமாம். எனக்குச் செய்யத் தெரியாததாக இருந்தாலும் பரவாயில்லை, கற்றுக்கொண்டு செய்வேன். உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி எழுது அபர்ணா. அப்பாவிடம் சொல்லி அனுப்பாதே, என்னிடமே கேள்.