காயாத தரை

நவம்பர் 1, புதன்

காலையில் முதலில் என் வீட்டுக்காரரைத் துடைத்தேன். பிறகு தரையை. வாளி மட்டும் வேறு.

பத்து மணிக்கு ரவீந்திரன் வேனோடு வந்து அவரைச் சுங்கை ஆயர் தாவாருக்குக் கூட்டிப்போனார். அங்கேதான் அவருடைய தங்கை புஷ்பா இருக்கிறாள். ரவீந்திரன் அவள் கணவர். தீபாவளிக்கு முன்னால் ஹால் பலகைத் தரைக்கு எண்ணெய் போடுவது எங்கள் வழக்கம். அது காயும்வரை சக்கர நாற்காலி உருளக்கூடாது. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்.

வேனில் ஏற்றும்போது, "மரத்து இழ பாத்து தேய், திலகா" என்றார், கோணிய வாயோடு. பக்கவாதம் பேச்சில் பாதியைக் கொண்டுபோனது. அதிகாரத்தைத் தொடவில்லை.

எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணியின் பழைய பங்களாவை இடித்தபோது வாங்கிய மெர்பாவ் மரப் பலகைகள். அவரே இழைத்துப் பதித்தார். வார்னிஷ் அடித்தால் பளபளப்பாக இருக்குமே என்று கேட்டேன். "வார்னிஷ் உரிஞ்சா மொத்தத்தையும் சொரண்டணும். எண்ணெய்னா கெட்ட எடத்த மட்டும் சரி பண்ணிக்கலாம்லா." அப்போது இரண்டு காலில் நின்று சொன்னார்.

கட்டிலிலிருந்து கழிவறை வரை சக்கரத்தின் இரண்டு தடங்கள். உப்புத்தாள் வைத்து மாலைவரை தேய்த்தேன். நிறம் திரும்பியது. பள்ளம் அப்படியே இருக்கிறது.

நவம்பர் 2, வியாழன்

எண்ணெய் போட்டேன். தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மரம் குடிக்காமல் விட்டதைப் பழைய கைலித் துணியால் ஒட்டத் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் பிசுபிசுவென்று நிற்கும். காயவே காயாது. எனக்கு நன்றாகத் தெரியும்.

துடைக்கவில்லை.

மழை இருட்டிக்கொண்டு வந்தது, களைப்பாக இருந்தது என்றெல்லாம் எழுதலாம். பொய். துணி கையில்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டே பின்வாசல் படியில் உட்கார்ந்து பால் விடாத தே ஓ குடித்தேன். யாரும் கூப்பிடவில்லை.

நவம்பர் 3, வெள்ளி

கால் ஒட்டுகிறது. ராத்திரி நடுவில் ஒருமுறைகூட எழவில்லை. எத்தனை வருடமாயிற்று இப்படித் தூங்கி.

நவம்பர் 5, ஞாயிறு

புஷ்பா போன் செய்தாள். "என்னா அண்ணி, இன்னுமா காயல? தரைக்கு எண்ணெய் போட்டீங்களா, இல்ல முறுக்கு சுட்டீங்களா?"

"மழைலா, புஷ்பா."

சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எப்படி அண்ணி தெனம் தூக்கறீங்க? எனக்கு இடுப்பே போச்சு. நான் குளிப்பாட்டினா அண்ணன் கண்ண இறுக்கி மூடிக்கிறாரு."

எப்படித் தூக்குகிறேன்? யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. பாவம் அவள் - கொண்டுவந்து விட்டுவிடு என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. என்ன பொம்பளை நான்?

நவம்பர் 6, திங்கள்

குற்ற உணர்வில் காலையில் ஒரு மூலையை மட்டும் புது எண்ணெய் தொட்டு இளக்கித் துடைத்தேன். அந்தத் துணிகளை விரித்துக் காயப்போட வேண்டும். கசக்கிக் குவித்தால் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். முன்பெல்லாம் இதற்காக எத்தனை கத்து கத்துவார். நான் அடுப்பங்கரையில் குவித்துப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன்.

மத்தியானம் வந்து தொட்டுப் பார்த்தேன். உள்ளே கதகதவென்று இருந்தது. கையை எடுக்கவில்லை. எரியட்டும் என்று நினைத்தேனா? நினைத்தேன். கட்டில், நாற்காலி, தரை, வாளி - எல்லாம்.

பிறகு தண்ணீரில் அமுக்கினேன்.

நவம்பர் 7, செவ்வாய்

மழை. ஒன்றும் செய்யவில்லை.

நவம்பர் 8, புதன்

இன்று அவரே பேசினார். புஷ்பா போனைக் காதில் பிடித்திருக்க வேண்டும்.

"எத்தன... கோட்டு எண்ண?"

"ஒன்னுதாங்க."

"தொடச்சியா?"

"தொடச்சேன்."

ஒரே கோட்டு, அதுவும் துடைத்தது, இத்தனை நாள் காயாமல் இருக்குமா? எந்த மழைக்கும் இருக்காது. அவருக்குத் தெரியும். திட்டப்போகிறார் என்று நின்றேன்.

"இன்னொரு... கோட்டு போடு. அவசரம் இல்ல."

காயாத எண்ணெய்மேல் இன்னொன்று போட்டால் தரையே போச்சு. பிசினாகக் கட்டி அழுக்கைப் பிடித்துக்கொள்ளும், சுரண்டித்தான் எடுக்கணும். எனக்கே தெரியுது, அவருக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் சொல்றாரு. தான் பாத்துப் பாத்துப் போட்ட தரை கெட்டாலும் பரவால்ல, இவ இன்னும் ரெண்டு நாள் தூங்கட்டும்னு. ஐயோ, திட்டியிருக்கக் கூடாதா? திட்டியிருந்தா நான் பொய்ய பிடிச்சிக்கிட்டே நின்னிருப்பேன்.

நவம்பர் 10, வெள்ளி

நேற்றும் இன்றும் முட்டி போட்டு, பெயிண்ட் தின்னரால் பிசுக்கை எல்லாம் எடுத்தேன். புதிதாக மெல்லிசாகத் தடவி, உடனே துடைத்தேன். கதவு சன்னல் எல்லாம் திறந்து, காற்றாடியை ஓடவிட்டிருக்கிறேன். நாளை மதியத்துக்குள் காய்ந்துவிடும். புஷ்பாவிடம் சாயங்காலம் கொண்டுவரச் சொன்னேன். "அப்பாடா! அண்ணன் இப்பவே சட்ட மாத்துனு உயிர எடுப்பாரு" என்றாள்.

அவளிடம் சொல்லாதது ஒன்று. நேற்று தின்னர் வாங்கப் போனவள், தஞ்சோங் காராங் வரை போனேன். அங்கே ஒரு பராமரிப்பு இல்லம். ஒரு பெண் பெரியவர் ஒருவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே, "இன்னிக்கும் துப்புனீங்கன்னா உங்க மூஞ்சிலயே பூசிடுவேன்" என்று மிரட்டினாள். அவர் சிரித்தார். நான் வீட்டில் எப்போது என் வீட்டுக்காரரைச் சிரிக்க வைத்தேன்? ஒரு கட்டில் காலியாக இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தேன்.

யோசித்துவிட்டேன். தீபாவளி கழிந்ததும் அவரை அங்கே கொண்டுபோய் விடப்போகிறேன். புஷ்பா கத்துவாள். புருசனைத் தள்ளிவிட்டாள் என்று சொந்தபந்தம் பேசும். பேசட்டும். ஆனால் தரை ஈரம், மழை என்று சொல்லி வேனில் ஏற்ற மாட்டேன். எதிரே உட்கார்ந்து, அவர் கண்ணை மூடிக்கொண்டாலும், என்னால் முடியவில்லை என்று நானே சொல்வேன். அவர் அதை என் வாயால் கேட்கும்வரை இது யாருக்கும் தெரிய வேண்டாம்.