பெரிய சனிக்கிழமை அடித்த மணி

அய்யா,

இன்று காலை கதவைத் திறந்தேன், கடலைக் காணவில்லை. வாசலில் காயப்போட்டிருந்த வலை பாதியோடு முடிந்துபோயிருந்தது. அதற்கப்பால் ஒரே வெள்ளை. நனைந்த வலையின் வாடையும் பனியும் சேர்ந்து மூக்கில் ஏறியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாசிப் பனிதான், வெயில் ஏறினால் போய்விடும் என்று புத்தி சொன்னது. கால் அதைக் கேட்கவில்லை. உங்கள் மருமகனும், உங்கள் பெயரை வைத்த பேரனும் நேற்றுச் சாயங்காலம் வத்தையில் கடலுக்குப் போனவர்கள், அப்போது இன்னும் கரைக்கு வந்திருக்கவில்லை.

நீங்கள் போன பிறகு வருகிற இரண்டாவது தவக்காலம் இது. பயம் வரும்போதெல்லாம் உங்களிடம்தான் பேசத் தோன்றுகிறது. எனக்குத் தெரிந்த மனிதர்களிலேயே அதிகமாகப் பயந்தவர் நீங்கள் என்பதுதான் காரணம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊருக்கு நீங்கள் உபதேசியார். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தீர்கள், சாவு வீட்டில் செபம் சொன்னீர்கள், கோயில் மணி அடித்தீர்கள். ஆனால் பங்குச் சாமியாரின் சைக்கிள் சத்தம் கேட்டால் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டு எழுந்து நிற்பீர்கள். நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், கடலுக்கு ரொம்பவே பயம். கடற்கரையில் பிறந்து முழங்காலுக்கு மேல் நனையாத ஒரே ஆம்பளை என்று என் மாமியார் உங்களைக் கேலி பேசுவார். எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனாலும் அவர் சொன்னது உண்மைதான்.

அந்தப் பயத்தை எனக்கும் கொடுத்துவிட்டீர்கள். பெரிய வெள்ளியன்று கோயிலில் சேசுவின் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்குவார்களே, ஆணியைக் கழற்றியதும் அந்த மரக் கை பொத்தென்று தொங்கும். அதைப் பார்த்துவிட்டு நான் ஆறு வயதில் சுரம் கண்டு படுத்தேன். வியாழக்கிழமையிலிருந்து மணி அடிக்கக்கூடாது என்று கயிற்றைச் சுருட்டி ஆணியில் கட்டிவிட்டு, மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவீர்கள். எலும்பில் தட்டுகிற மாதிரி இருக்கும் அந்தச் சத்தம். அந்தப் பெரிய வெள்ளி இரவு உங்கள் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டேன்.

"அப்ப இன்னைக்கு சாமி இல்லையா அய்யா?"

"செத்துருக்காரு ஆத்தா. எழும்பிருவாரு."

"அதுவரைக்கும்?"

நீங்கள் கதவைப் பார்த்தீர்கள். எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்தீர்கள்.

"அதுவரைக்கும் சும்மா படுத்துக்க," என்றீர்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். இவ்வளவு நேர்மையான பதிலை யாரும் சொல்லவில்லை.

பெரிய சனிச் சடங்கைக் காலையிலிருந்து இரவுக்கு மாற்றச் சொல்லி ரோமையிலிருந்து உத்தரவு வந்த வருஷத்துக்கு வருகிறேன். அதுவரை சனிக்கிழமை காலையிலேயே குளோரியா பாடி, மணி அடித்து, ஆண்டவர் உயிர்த்துவிட்டார் என்று ஊருக்குச் சொல்லிவிடுவோம். மத்தியானத்தோடு தவக்காலமும் முடியும், வத்தைகளும் கடலில் இறங்கும். இனி எல்லாம் இரவில்தான், அதுவரை மணி கிடையாது என்று சாமியார் குருத்து ஞாயிறு பூசையில் அறிவித்தார். என் வீட்டுக்காரர் அதற்கு முந்தின நாளே தன் கூட்டாளிகள் இரண்டு பேரோடு முசல் தீவுக்கு மீன்பிடிக்கப் போய்விட்டார். பெரிய வெள்ளியன்று கடலில் பாய் விரிக்கக்கூடாது. ஆகவே வெள்ளிக்கிழமை தீவிலேயே ஒருசந்தி நோன்பு இருந்துவிட்டு, சனிக்கிழமை விடியுமுன் புறப்படுவதாக ஏற்பாடு.

"குளோரியா மணி அடிக்கையில கரையில நிப்பேன், மீன் குழம்புக்கு அரைச்சு வையி," என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அன்று விடிந்தபோது இன்றைக்குப் போலவே பனி. பங்குனியில் அப்படிப் பனி விழுந்து யாரும் பார்த்ததில்லை. நம் ஊருக்கு நேரே கடலுக்குள் பார் இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் வரிசையாகக் கிடக்கும் அந்தப் பாறைகளுக்கு நடுவே வத்தை நுழைய ஒரே ஒரு வழிதான். கோயில் கோபுரத்தைக் கண்ணுக்கு நேரே வைத்து உள்ளே வருவார்கள். கோபுரம் தெரியாவிட்டால் மணிச் சத்தத்தைப் பிடித்து வருவார்கள். இரண்டும் இல்லாமல் வந்த ஒரு வத்தையின் பலகைகள் கரையில் ஒதுங்கியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதில் வந்தவர்கள் ஒதுங்கவில்லை.

மாமியார் மண்ணெண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டு கரையில் நின்று தட்டினார். பெண்கள் எல்லாம் கத்தினோம். பாம்பன் பக்கமிருந்து ரயில் ஊதியது. அதுவும் எந்தத் திசையென்று தெரியவில்லை. யாரை வேண்டிக்கொள்வது? கேட்க வேண்டியவர், சிலுவையிலிருந்து இறக்கிக் கிடத்திய ஆசந்திப் பெட்டியில் கோயிலுக்குள் செத்துக் கிடக்கிறார். கைப்பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு உங்களிடம் ஓடிவந்தேன்.

நீங்கள் ஏற்கெனவே மணிக்கூண்டுக்கு அடியில் நின்று கயிற்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஊதாத் துணியால் கட்டிய முடிச்சு நீங்கள் போட்டபடியே இருந்தது.

"மணிய அடிங்க அய்யா."

"ராத்திரிதான் ஆத்தா. உத்தரவு."

"அவுகளுக்கு அந்த உத்தரவு தெரியாதே. காலைல மணி அடிக்கும்னு நம்பி பாருக்கு வெளிய காத்துக் கெடப்பாக. எம்புட்டு நேரம் கெடப்பாக? நீரோட்டம் பாறை மேல இழுத்துட்டுப் போயிரும்."

"சாமி பக்கத்து ஊருக்குப் பாவசங்கீர்த்தனம் கேக்கப் போயிருக்காரு. சாயங்காலந்தான் வாராரு. அவரக் கேக்காம எப்பிடி?"

நீங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னீர்கள்.

"ஆண்டவரு இன்னும் எழும்பலையே ஆத்தா. எழும்பிட்டாருன்னு மணி அடிச்சா அது பொய்யில்லையா?"

"பொய்யாவே இருக்கட்டும்," என்றேன்.

நீங்கள் முடிச்சை அவிழ்த்தீர்கள். கயிறு கைக்கு வந்ததும் எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் உங்கள் மணிக்கட்டைப் பிடித்தேன். "வேணாம் அய்யா. இந்தப் பாவம் அவுக தலையிலேயே விடிஞ்சிருமோன்னு இருக்கு," என்றேன். அடியுங்கள் என்றதும் நான்தான், வேண்டாம் என்றதும் நான்தான். நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். கயிற்றை விடாமல் அப்படியே கோயில் வாசலைப் பார்த்து மண்ணில் முழங்கால் போட்டீர்கள்.

"ஆண்டவரே, இது என் பாவம். பிடிக்கிறதா இருந்தா என்னயப் பிடியும். கடல்ல கெடக்குற அந்தப் பையன விட்டுரும். அவனுக்குப் பதிலா என்னய எடுத்துக்கிரும்."

பிறகு எழுந்து மணியை அடித்தீர்கள். விடாமல் அடித்தீர்கள். பனிக்குள் மணி எங்கே போய் விழுகிறது என்று தெரியாமல் நான் பிள்ளையை இறுக்கிக்கொண்டு நின்றேன். பிள்ளை வீறிட்டு அழுதது.

வத்தை வந்தது. மணிச் சத்தம் கேட்டதும் தலைத்துண்டை எடுத்துவிட்டு மூன்று பேரும் வத்தைக்குள்ளேயே முழங்கால் போட்டு, ஆண்டவர் உயிர்த்துவிட்டார் என்று சிலுவை போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகுதான் சுக்கானைத் திருப்பினார்களாம். கரையில் கால் வைத்தவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "என்ன இந்த வருசம் மணி இம்புட்டு நேரம் பிந்திருச்சு?" மாமியார் டின்னைக் கீழே போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்து அழுதார்.

சாயங்காலம் சைக்கிள் சத்தம் கேட்டது. வாசலில் நீங்கள் எழுந்து நின்றபோது உங்கள் வேட்டி ஆடியதை உள்ளேயிருந்து பார்த்தேன்.

"மணி அடிச்சீராமே," என்றார் சாமியார்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டீர்கள்.

"தெக்குத் தெருவுல மணியக் கேட்டுட்டுக் கோழி அடிச்சுத் தின்னுருக்காங்க. தவக்காலம் முடியலைன்னு நான் தொண்டை கிழியச் சொன்னது என்னாச்சு?"

"நான் செஞ்ச பாவம் சாமி."

அவர் சைக்கிளைத் திருப்பினார். "வத்தை வந்துருச்சா?" என்று கேட்டார். வந்துவிட்டது என்றீர்கள். "அப்ப ராத்திரியும் நேரத்துக்கு அடியும். தூங்கிறாதீர்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உங்கள் வேலைக்கும் வீட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் என் பயம் அன்று இரவுதான் தொடங்கியது. கோயிலில் குளோரியா பாடினார்கள். ஊதாத் திரை விழுந்தது, நீங்கள் மறுபடி மணி அடித்தீர்கள். சுற்றி எல்லோரும் சந்தோஷத்தில் அழுதார்கள். நான் மட்டும் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் நீங்கள் சொன்னதைச் செத்துக் கிடந்தவர் கேட்டிருக்க மாட்டார் என்று பகல் முழுவதும் எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எழும்பிவிட்டார். இனி காது கேட்கும்.

அதிலிருந்து எந்த வருஷமும் பெரிய சனிக்கிழமையன்று நான் என் வீட்டில் இருந்ததில்லை. விடியுமுன் உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவேன். கிணற்றடிக்கு விடமாட்டேன், மணிக்கூண்டில் ஏற விடமாட்டேன். மீன் முள்ளைக்கூட நானே எடுத்துப் போடுவேன். உங்களுக்கு ஒரு தும்மல் வந்தாலும் கணக்குத் தீர்க்க வந்துவிட்டாரோ என்று கோயில் பக்கம் பார்ப்பேன். அவரை அப்படிச் சந்தேகப்பட்டதை எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் நான் சொன்னதில்லை.

ஒரு வருஷம் உங்களுக்குப் பொறுமை போய்விட்டது. முகம் மழிக்க உட்கார்ந்தவரின் கையிலிருந்து கத்தியை நான் பிடுங்கிவிட்டேன்.

"ஏத்தா இப்பிடி என் பின்னாலயே சுத்துற?"

அடக்கி வைத்ததெல்லாம் வந்துவிட்டது. "ஒருத்தரு செத்தாச்சே அய்யா, எல்லாத்துக்கும் சேத்து. நீங்கதான ஊருக்கே சொல்லிக் குடுத்தீக. பெறகு நீங்க வேற எதுக்கு, என்னய எடுத்துக்கிரும்னு சொன்னீக?"

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு என்னையே பார்த்தீர்கள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சிரித்தீர்கள். நீங்கள் அப்படி வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

"அத அன்னைக்கே திருப்பி வாங்கிட்டேன் ஆத்தா."

எனக்கு விளங்கவில்லை.

"வத்தையோட பாய் தெரிஞ்ச ஒடனே நீங்க எல்லாம் கரைக்கு ஓடுனீக. நான் கோயிலுக்குள்ள போனேன். ஆசந்திக்குள்ள அவரு படுத்திருந்தாரு. ஆண்டவரே, பயத்துல சொல்லிட்டேன், எனக்குச் சாகப் பயமா இருக்கு, நான் சொன்னத விட்டுரும்னு கேட்டுக்கிட்டேன்."

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

"என்னத்தச் சொல்லுவாரு, அவரே செத்துக் கெடக்காரு." நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டீர்கள். "அந்தக் கையப் பாத்தேன் ஆத்தா. ஆணி அடிச்ச ஓட்டை. எனக்கு முன்னாலயே எல்லாம் முடிஞ்சு கெடந்துச்சு. நான் பேரம் பேச அங்கன எடமே இல்ல. இத்தன வருசம் இதத்தான் ஊருக்குச் சொல்லிக் குடுத்தேன், எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சுச்சு. வெக்கமாப் போச்சு, அதான் யாருகிட்டயும் சொல்லல."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. இத்தனை வருஷமும் நான் காவல் காத்தது எதற்கு? கத்தியை உங்கள் மடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன். அன்று மத்தியானம் நீங்கள் வாங்கி வந்த மீனில் முள் எடுத்துப் போடவில்லை, நீங்களே எடுத்துத் தின்னுங்கள் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் ஐப்பசி மழையில் சாதாரணச் சுரத்தில்தான் போனீர்கள். பதிலுக்கு இல்லை, யாருக்காகவும் இல்லை, வயதாகிப் போனீர்கள். கடைசி இரவும் பயந்துதான் இருந்தீர்கள். விளக்கை அணைக்கவேண்டாம் என்றீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எழும்புவோம்ல ஆத்தா?" என்று கேட்டீர்கள்.

"எழும்புவோம் அய்யா."

"அதுவரைக்கும்?"

நான் எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்தேன்.

"அதுவரைக்கும் சும்மா படுத்துக்கங்க."

இன்று காலை கோயிலுக்கு ஓடினேன். பனி விழுந்தால் முதலில் பார்க்கிறவர் மணி அடிப்பது என்று ஊரில் இப்போது வழக்கமாகிவிட்டது. நீங்கள் தொடங்கியது என்று இளவட்டங்களுக்குத் தெரியாது. கயிற்றைப் பிடித்ததும் என் வாய்வரை வந்துவிட்டது அய்யா. அவுகளுக்குப் பதிலா என்னய என்று சொல்ல உதடு பிரிந்துவிட்டது. அப்படியே விழுங்கினேன். "ஆண்டவரே, பயமா இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு மணியை இழுத்தேன்.

வந்துவிட்டார்கள். உங்கள் பேரன் கஞ்சியைக் குடித்துவிட்டுத் தூங்குகிறான். பனி போய்க் கடல் பழையபடி கிடக்கிறது. கயிறு உராய்ந்து என் உள்ளங்கை இன்னும் எரிகிறது, எழுத்து கோணல்மாணலாக இருப்பது அதனால்தான். பயம் நீங்கள் கொடுத்துவிட்டுப் போனபடி அப்படியே இருக்கிறது அய்யா. பேரம் பேசுவதை மட்டும் விட்டுவிட்டேன்.