உங்கள் தம்பியும் மெக்னீசியமும்

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பிய பார்சல் நசுங்காமல் வந்து சேர்ந்தது. மெக்னீசியப் பொடி இரண்டு டப்பா, அளவுக் கரண்டி ஒன்று, உங்கள் கையெழுத்தில் உபயோகக் குறிப்பு. பதில் எழுதும் வேலையை உங்கள் தம்பி என்னிடம் தள்ளிவிட்டார். அவரே எழுதினால் "பார்சல் வந்தது, சரி அக்கா" என்பதோடு முடிந்துவிடும். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் பள்ளி மைதானத்தில் காலமெல்லாம் விசில் ஊதி மந்தமான காது உங்களுடையது. நான் குரலை உயர்த்திப் பேசிப் பழகாதவள். போன தடவை நான் கத்திப் பார்த்ததெல்லாம் மாடிவீட்டுக்காரர்களுக்குத் தெளிவாகக் கேட்டது, உங்களுக்குத்தான் கேட்கவில்லை.

உங்கள் கெண்டைக்கால் பிடிப்பு இந்தப் பொடியால் விட்டது என்று எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி. கெண்டைக்கால் சொன்ன பேச்சைக் கேட்டதுபோலப் பெருங்குடலும் கேட்கும் என்று அடுத்த வரியில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் இரண்டு முறை படித்தேன். உங்கள் தம்பிக்கு இருப்பது பெருங்குடல் அழற்சி. உள்ளே புண். சில மாதம் அடங்கியிருக்கும், சில மாதம் ஆட்டம் போடும். டாக்டர் கொடுத்த மாத்திரையில்தான் இத்தனை நாளாக அடங்கிக் கிடக்கிறது. குறிப்பின் கடைசியில் "போகப் போக மாத்திரை தேவைப்படாது" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் மட்டும் படித்ததாக வைத்துக்கொள்வோம்.

எனக்கும் மெக்னீசியத்துக்கும் பழைய பழக்கம். கெட்டிலில் வெள்ளையாகப் படிகிறது, சோப்பு நுரைக்கவில்லை என்று யாராவது புகார் கொடுத்தால் அந்தத் தண்ணீர் எங்கள் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குத்தான் வரும். கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு அதிகம் என்று அளந்து எழுதித்தான் இத்தனை வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன். ஊரார் வேண்டாம் என்று என்னிடம் கொண்டுவந்து கொட்டுவதை நீங்கள் டப்பாவில் அடைத்து அனுப்பியிருக்கிறீர்கள். தவறாக நினைக்கவேண்டாம், சிரிப்பு வந்தது.

உங்கள் தம்பி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பாதை உங்களுக்குத் தெரியாது. எங்கெங்கே கழிப்பறை இருக்கிறதோ அங்கெல்லாம் அது வளைந்து போகும். அவரிடம் படித்தவர்கள் எல்லோரும் எந்தப் பெட்ரோல் பங்க்கிலும் சட்டென்று ஓரம்கட்டி நிறுத்துவதில் கெட்டிக்காரர்கள். வயிறு நன்றாக இருக்கும் நாளில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் வரை அழைத்துப்போவார். பாலத்துக்கு அப்பால் வெகுதூரத்துக்கு ஒரு கழிப்பறையும் கிடையாது. அதனால் "இன்னிக்குப் பாலம் தாண்டினோம்" என்று அவர் வீட்டுக்குள் நுழைந்தால், வேறு எதுவும் நான் கேட்பதில்லை. போன வாரம் தாண்டினார்.

பொடியைத் தினமும் ஒரு கரண்டி கலக்கிக் குடிக்கிறார். குடிக்கும்போது நேராக நிற்கிறார். நீங்கள் பார்ப்பதாக நினைப்பு.

மரியாதையுடன்,
உங்கள் தம்பியின் மனைவி

*

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். "நம் வீட்டு நீதிபதிக்கு" என்று ஆரம்பித்த உங்கள் பதில் கிடைத்தது. நான் எதையும் நம்பாமல் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். ஒப்புக்கொள்கிறேன். உங்கள் பொடியையும் ஏற்றினேன். ஒரு சிட்டிகை எடுத்துப்போய், தண்ணீர் பார்க்கும் அதே முறையில் பார்த்தேன். சிவப்பாக இருக்கும் கரைசல் சொட்டுச் சொட்டாக விட விட நீலமாக மாறவேண்டும். மாறியது. டப்பாவில் எவ்வளவு என்று போட்டிருக்கிறதோ அவ்வளவும் உள்ளே இருக்கிறது. சுண்ணாம்பு மாவாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், கொஞ்சம் ஏமாற்றம்தான். பொடி யோக்கியமானது என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். அது வயிற்றுக்குள் போய் என்ன செய்கிறது என்பதற்கு என்னிடம் சொட்டு விடும் குழாய் கிடையாது.

ஆனால் வெளியே இருந்து தெரிவதை எழுதலாம். வயிறு இளகுகிறது என்று உங்கள் தம்பி போனில் சொன்னார். கழிவெல்லாம் வெளியேறுகிறது, நல்ல அறிகுறி, இன்னொரு கரண்டி கூட்டு என்றீர்கள். கூட்டினார். இன்னும் இளகியது. அதைச் சொன்னார். அப்படியானால் உடம்பு பொடியை ஏற்றுக்கொண்டுவிட்டது, ராத்திரியும் ஒரு கரண்டி என்றீர்கள். இளகினாலும் கூட்டு, இன்னும் இளகினாலும் கூட்டு என்றால் இந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று எனக்குப் புரியவில்லை. மெக்னீசியத்தில் சில வகைகளை மலச்சிக்கலுக்கே கொடுப்பார்கள், அண்ணி. உங்கள் தம்பிக்கு ஆயிரம் குறை இருக்கலாம், அந்தக் குறை மட்டும் ஒரு நாளும் இருந்ததில்லை.

வீட்டு நிலவரம்: செய்தித்தாள் இப்போது குளியலறையிலேயே குடியிருக்கிறது. நாட்டில் என்ன நடக்கிறது என்று தெரியவேண்டுமானால் நான் கதவைத் தட்டிக் கேட்கவேண்டியிருக்கிறது. அவரும் தலைப்புச் செய்திகளை உள்ளேயிருந்து வாசித்துச் சொல்கிறார். குரலில் தெம்பு இருப்பதாகக் காட்டிக்கொள்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரிடம் ஓட்டக் கற்றுக்கொள்ளும் நர்ஸ் பெண் வீட்டுக்கு வந்தாள். அவர் வழக்கமான இடத்தில் இருந்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மேடம், சாருக்கு ரைட் சைடுன்னா ஏதாவது பயமா?" என்றாள். விசாரித்ததில், மூன்று வாரமாகப் பாடம் முழுக்க நம் தெருவைச் சுற்றித்தானாம். இடது, இடது, மறுபடி இடது, நம் வாசல். அவள் வலது பக்கம் திரும்பியதே இல்லை. அடுத்த வாரம் லைசென்ஸ் பரீட்சை. அங்கே வலதுபக்கம் திரும்பச் சொன்னால் மூன்று தடவை இடது திரும்பிச் சமாளிக்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்டாள். கணக்குப்படி சரிதான் என்று சொல்லி அனுப்பினேன்.

அவள் போனபிறகு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தேன். பாலம் போய், பெட்ரோல் பங்க்குகள் போய், இப்போது அவர் பாதை நம் வாசல் வரை சுருங்கிவிட்டது. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று உங்களிடம் சொல்பவர் என்னிடமும் அதையேதான் சொல்கிறார். நான் காரைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

தயவுசெய்து ஒரு கரண்டியாவது குறைக்கச் சொல்லுங்கள். நான் சொல்லிப் பார்த்தேன். அட்டவணை போட்டுக் காட்டினேன். அட்டவணை நன்றாக இருக்கிறது என்றார்.

மரியாதையுடன்,
உங்கள் தம்பியின் மனைவி

*

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். பயப்படும்படி இல்லை; நின்றுகொண்டு படித்தால் நீங்கள் பாதியிலேயே எங்கேயாவது கிளம்பிவிடுவீர்கள்.

வியாழக்கிழமை காலையில் குளியலறையில் ரத்தம் பார்த்தேன். உங்கள் தம்பியைக் கேட்டேன். பீட்ரூட் என்றார். எங்கள் வீட்டில் காய்கறி வாங்குவது நான். அந்த வாரம் பீட்ரூட் வாங்கவில்லை. அதைச் சொன்னதும் வெளியே சாப்பிட்டிருக்கலாம் என்றார். வெளியே என்றால் எங்கே? அவருடைய வெளி இப்போது நம் தெருவோடு சரி.

மாத்திரை இருக்கிறதா என்று டப்பாவைத் திறந்தால் காலி. வாங்கிவரலாம் என்று மருந்துக் கடைக்குப் போனேன். மருந்துக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மனத்தாங்கலோடு, "சார் இப்ப வேற கடையில வாங்குறாரு போல. நம்மகிட்ட என்ன தப்புன்னு சொல்லியிருக்கலாம்" என்றார். சார் எந்தக் கடையிலும் வாங்கவில்லை. பார்சல் வந்த வாரத்தில் இருந்த மாத்திரை தீர்ந்ததோடு நிறுத்திவிட்டார். நான் மட்டும் படித்ததாக நினைத்திருந்த அந்தச் சிவப்பு மை வரியை, உங்கள் குறிப்போடு சேர்த்துக் காரில் கண்ணாடிக்கு மேலே வெயில் மறைக்கும் தட்டில் ஒட்டிவைத்திருக்கிறார். கார் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லோரும் அதைப் படித்திருக்கிறார்கள். நர்ஸ் பெண் உட்பட. அவள் அதை டிராஃபிக் விதி என்று நினைத்தாளாம். பரீட்சையில் தேறிவிட்டாள், அது வேறு விஷயம்.

அன்று சாயங்காலமே டாக்டரிடம் கூட்டிப்போனேன். கூட்டிப்போனேன் என்பது மரியாதைக்காக எழுதுவது. டாக்டரம்மா நிதானமானவர். ரத்தம் எடுத்துப் பார்த்தார். இங்கே ஒன்றை எழுதியாகவேண்டும், பேனா தயங்கினாலும்: உங்கள் தம்பியின் ரத்தத்தில் மெக்னீசியம் குறைவாகத்தான் இருந்தது. வருடக்கணக்காக வயிறு கலங்கிப் போகிறவர்களுக்கு அதுவும் சேர்ந்து போய்விடுமாம். அப்படியானால் நீங்கள் சொன்னதில் பாதி சரி. நான் அவருக்கு அதைப் பரிசோதித்துப் பார்க்கவேண்டும் என்றுகூட நினைத்ததில்லை. ஊர்த் தண்ணீரிலெல்லாம் அளந்தவள்.

மீதிப் பாதியையும் டாக்டர் சொன்னார். இந்தப் பொடி வயிற்றை இளக்குகிற வகை. புண் இருக்கிற குடலுக்கு இந்த அளவு ஆகவே ஆகாது, இன்றோடு நிறுத்தவேண்டும். புண் அடங்கிய பிறகு, வயிற்றைத் தொந்தரவு செய்யாத வேறு வகையை, கொஞ்சமாக, அவரே பார்த்துக் கொடுப்பார். மாத்திரையை மட்டும் இனி ஒருநாளும் விடக்கூடாது. என்னைப் பார்த்துச் சொன்னார்: "மெக்னீசியம் கொறஞ்சதுக்கு மெக்னீசியம். புண்ணுக்கு மாத்திரை. ஒண்ணோட வேலைய இன்னொண்ணு பாக்காதும்மா." இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரிந்திருந்தால் அட்டவணையே போட்டிருக்கமாட்டேன்.

உங்கள் தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எழுந்திருக்கும்போது, "எதுக்கும் அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்றார். அக்காவும் டாக்டரா என்று அந்த அம்மா கேட்டார். "இல்ல, பி.டி. டீச்சர்" என்றார், பெருமையாக. டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தைப் பார்த்தேன்.

அண்ணி, எனக்குக் கோபம் இருந்தது. உங்கள் மேல் கொஞ்சம், அவர் மேல் நிறைய. இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். அதில் ஒன்று உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது; நீங்கள் படித்திருந்தால் நம் உறவு அதோடு முடிந்திருக்கும். பிறகு யோசித்தேன். உங்கள் அம்மா போனபிறகு அவருக்குத் தலை வாரி, மூக்குத் துடைத்து, பள்ளிக்கூடம் இழுத்துப்போனது நீங்கள். அந்த மனிதர் பொடியைக் குடித்தது பொடி மேல் நம்பிக்கை வைத்து இல்லை. நீங்கள் கரண்டி அனுப்பினால் அவர் வாயைத் திறப்பார். அது பழக்கம். அதை என் படிப்பு ஒன்றும் செய்யமுடியாது.

அதனால் உங்கள் நீதிபதியாகிய நான் இந்த ஒரு முறை நாற்காலியை விட்டு இறங்கி மனு கொடுக்கிறேன். மாத்திரை வாங்கிவைத்திருக்கிறேன். மேஜை மேல் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. நீங்கள் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார். போனில் வேண்டாம், "சரிக்கா" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவார். உங்கள் கையெழுத்தில், அதே சிவப்பு மையில் எழுதி அனுப்புங்கள். மாத்திரையைப் போடு, டாக்டர் சொல்லாமல் எதையும் குடிக்காதே என்று. நான் சொல்லச் சொன்னதாக இருக்கவேண்டாம். டாக்டர் சொன்னதாகக்கூட வேண்டாம். நீங்களே கண்டுபிடித்ததாக இருக்கட்டும். நான் எந்த ஆட்சேபணையும் சொல்லமாட்டேன். பழைய குறிப்பை உரித்துவிட்டு இதை நானே காரில் ஒட்டுகிறேன். முடிந்தால் எழுத்துக்களைப் பெரிதாகப் போடுங்கள், அவருக்குக் கண்ணாடி மாற்றவேண்டும்.

கல்யாணமான நாளிலிருந்து உங்களுக்கு எழுதும் எல்லாக் கடிதத்திலும் "உங்கள் தம்பி" என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். எனக்கு "என் கணவர்" என்று எழுத வராது. நீங்கள் அதை அப்படிப் படித்துக்கொள்ளுங்கள்.

இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து கார் ஜன்னலைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. இன்று ஓட்டுவது ஒரு பேக்கரிக்காரர். பாவம், அவருக்கும் இடது பக்கம் மட்டும்தான். ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் தம்பி என்னைப் பார்த்துக் கை காட்டிவிட்டுப் போகிறார், நன்றாக இருப்பவரைப்போல.

விசிலை எடுங்கள், அண்ணி. அந்தக் காரைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பிவையுங்கள்.

உங்கள் கால் வலிக்காமல் இருக்கட்டும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
நீதிபதி